ஆறு பரப்பும் இரண்டு ஓடுபாதையும்

கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று எங்கே போனாலும் எங்கட ஆக்களிடம் தப்ப முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது. "தம்பி என்ன வேலை செய்யிறீர்?" எக்கவுண்டன்ற், எஞ்சினியர், கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் கேள்வி அத்தோடு முடிந்துவிடும். "பிளானிங்" என்று சொன்னால் முடியாது. ஒருவர் "வெடிங் பிளானிங்கோ?" என்று கேட்டார். விசயம் விளங்கியவர்கள் அதைவிட மோசம். "அப்ப எங்கட வீட்டுக்குப் பின்னால ஒரு எக்ஸ்டென்ஷன் போடலாமோ?" என்று சாப்பாட்டு மேசையிலேயே பேப்பர் துவாயில் வீட்டைக் கீறத் தொடங்கிவிடுவார்கள்.

அதனால் இந்தமுறை ஆறுதலாக எழுதிவைக்கிறேன். இனிமேல் யாராவது கேட்டால் இதை வாசிக்கச் சொல்லிவிட்டு நான் வடையைச் சாப்பிடலாம்.

என்னுடைய வேலையின் பெயர் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல். ஒரு காணியில் வீடு வரலாமா, பள்ளிக்கூடம் வரலாமா, லொறித் தரிப்பிடம் வரலாமா, ஒன்றும் வரக்கூடாதா என்று பார்த்து அறிக்கை எழுதுகிற வேலை. அதில் என்னுடைய முதல் வருடங்கள் முழுக்க ஹீத்ரோ விமானநிலையத்தின் வேலியோரத்தில் கழிந்தன. எங்கட குடும்பம் பலாலி விமானநிலையத்தின் வேலியோரத்தில் காணியைப் பறிகொடுத்த குடும்பம். "விதி" என்பா அம்மா. எனக்கு விதியில் நம்பிக்கை இல்லை. வாடகை குறைந்த இடம் தேடினேன், ஹவுன்ஸ்லோ அகப்பட்டது. அவ்வளவுதான்.

எழும்பினது

எங்கட ஊர் வசாவிளான். அப்பாவுக்கு ஆறு பரப்புக் காணி. (பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்லிவைக்கிறேன்.) செம்மண், ஒரு கிணறு, வெங்காயம், பொயிலை. வடக்குப் பக்கம் கொஞ்சம் நடந்தால் பலாலி விமானத்தளம். அது இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரன் தன்னுடைய விமானப் படைக்காகப் போட்டது. பிறகு இரத்மலானைக்கும் இந்தியாவுக்கும் சனம் பறந்த நல்ல காலமும் அதற்கு இருந்தது.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. செல் விழுந்தது, எழும்பினோம். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று அப்பா ஆட்டை அவிழ்த்துவிட்டு வந்தார். அம்மா காணி உறுதியைச் சேலைக்குள் சுற்றி எடுத்து வந்தா. எழும்பச் சொல்லி ஒரு துண்டுக் கடிதம் வரவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் வரவில்லை. உயர்பாதுகாப்பு வலயம் என்ற பெயரே எங்களுக்குப் பேப்பரில் வாசித்துத்தான் தெரியும்.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகிற விசயம் இது இல்லாமல் விளங்காது.

மின்கம்பத்தில் ஒட்டின தாள்

நான் லண்டனுக்கு வந்தது 1999இல். அந்த நேரம் அகதி விண்ணப்பம் போட்டு ஆறு மாதம் போனால் வேலை செய்ய அனுமதி கேட்கலாம். (2002 ஜூலையில் அந்தக் கதவையும் மூடிவிட்டார்கள்.) எனக்குக் கிடைத்தது விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற தொழிற்சாலையில் இரவு வேலை. விடிய விடியத் தட்டில் பாணும் பட்டரும் வைப்பது. ஹவுன்ஸ்லோ வெஸ்ட்டில் ஒரு அறையில் நாலு பேர் இருந்தோம். பகலில் படுக்கப் போனால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு விமானம் கூரையை உரசுகிற மாதிரிப் போகும். ஊரில் விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் பாய்ந்த உடம்பு இது. முதல் மாதம் ஒவ்வொரு சத்தத்துக்கும் கட்டிலில் எழும்பி இருந்தேன். மூன்று மணிக்குச் சத்தம் திடீரென்று விலகும். காற்று மேற்கில் இருந்து அடிக்கிற நாட்களில் இறங்குகிற ஓடுபாதையைப் பின்னேரம் மூன்று மணிக்கு மாற்றுவார்கள் என்பதும், அது வேலிக்கு வெளியே இருக்கிற சனத்துக்கும் கொஞ்சம் நிம்மதி கிடைக்கட்டும் என்று செய்த ஒழுங்கு என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் கிரான்போர்ட்டில் 111ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கிறேன். மின்கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் கட்டியிருந்தது. பஸ் வரவில்லை, வாசித்தேன். இன்ன இலக்க வீட்டுக்காரர் பின்பக்கக் குசினியை மூன்று மீற்றர் நீட்டப்போகிறார், யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் 21 நாளுக்குள் எழுதி அறிவிக்கவும் என்று இருந்தது.

நான் அதை மூன்று தரம் வாசித்தேன். குசினியை மூன்று மீற்றர் நீட்ட ஊரைக் கேட்கிறார்கள்!

ட்ரீட்டி சென்டர் நூலகத்தில் ஹீற்றர் நல்ல சூடு. அங்கே போய் இருந்து இந்தத் தாளின் சட்டம் என்ன என்று தேடத் தொடங்கினேன். அப்போது உள்ளூர்ப் பேப்பர்கள் எல்லாம் டெர்மினல் 5 கதைதான். ஹீத்ரோவில் ஐந்தாவது முனையம் கட்டலாமா என்று 1995 மே முதல் 1999 மார்ச் வரை பகிரங்க விசாரணை நடந்தது. 525 நாள் அமர்வு. பிரித்தானிய வரலாற்றிலேயே நீண்ட திட்டமிடல் விசாரணை அது. கடைசியில் 2001 நவம்பர் 20ஆம் திகதி அனுமதி கொடுத்தார்கள். ஆனால் வருடத்துக்கு 4,80,000 விமான ஏற்ற இறக்கத்துக்கு மேல் கூடாது என்ற நிபந்தனையும் போட்டார்கள். அந்த இலக்கம் இன்றுவரை ஹீத்ரோவின் கழுத்தில் கட்டியிருக்கிறது.

சாட்சி சொன்னவர்களில் வக்கீல்களும் இருந்தார்கள், பிள்ளை நித்திரை கொள்ளுதில்லை என்று சொன்ன தாய்மாரும் இருந்தார்கள். எல்லாம் எழுத்தில் பதிந்திருந்தது. விசாரணை முடிவு சரியா பிழையா என்பது வேறு கதை. ஒரு விமானநிலையம் நாலு வருடம் கதிரையில் இருந்து சனத்துக்குப் பதில் சொன்னது என்பதே எனக்குப் புதினமாக இருந்தது.

கோப்பும் கோடும்

2003இல் எனக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தது. அதே வருடம் விமானநிலையத்தைச் சுற்றியிருக்கிற கவுன்சில்களில் ஒன்றில் (எது என்று கேட்காதீர்கள்) பிளானிங் பகுதியில் தற்காலிக வேலை கிடைத்தது. பழைய வரைபடங்களை ஸ்கான் பண்ணுவது, உறைக்குள் கடிதம் போடுவது, மின்கம்பத்தில் தாள் கட்டுவது. ஆம், அதே தாள்!

நேர்முகத்தில் "உங்கள் நாட்டில் நில விவகாரத்தில் ஏதாவது அனுபவம் உண்டா?" என்று ஒரு அம்மா கேட்டா. "ஆறு பரப்புத் துலைச்ச அனுபவம் இருக்கு" என்று சொல்ல வாய் உன்னியது. "குடும்ப ரீதியாகக் கொஞ்சம்" என்றேன்.

பிறகு பகுதிநேரமாகப் படித்தேன். கிழமையில் ஒருநாள் வகுப்பு, மற்ற நாள் கந்தோர், சனி ஞாயிறு பெற்றோல் செட். அஞ்சு வருடம் அப்படிப் போனது. படிப்பைவிடக் கந்தோரில் பழகியதுதான் கூட.

விமானநிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காணியைப் பார்க்கிறவனுக்கு நிலத்தில் இல்லாத கோடுகள் எல்லாம் தெரிய வேண்டும். முதலாவது சத்தக் கோடு. 1994இல் அரசாங்கம் விட்ட வழிகாட்டல் ஒன்று அந்த நாளில் எங்களுக்கு வேதம். பகல் விமானச் சத்தம் 57 டெசிபலுக்குக் கீழ் என்றால் பிரச்சினை இல்லை. 57க்கும் 66க்கும் இடையில் என்றால் இரட்டைக் கண்ணாடி மாதிரி நிபந்தனைகளோடு விடலாம். 66க்கும் 72க்கும் இடையில் சாதாரணமாக வீட்டுக்கு அனுமதி இல்லை. 72க்கு மேல் மறுப்புத்தான். (2012இல் அந்த வழிகாட்டலை எடுத்துவிட்டார்கள். சத்தத்தை எடுக்கவில்லை.)

இரண்டாவது உயரக் கோடு. பாரந்தூக்கி ஒன்று நிறுத்துவதென்றாலும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் போனால் விமானநிலையத்தைக் கேட்க வேண்டும். மூன்றாவது பறவைக் கோடு. விமானநிலையத்தைச் சுற்றி 13 கிலோமீற்றர் வட்டத்துக்குள் குளம் வெட்டினாலோ குப்பைமேடு வைத்தாலோ அங்கே பறவைக் கூட்டம் சேருமா என்று பார்க்க வேண்டும். ஒரு பூங்காக் குளத்தில் வாத்து இறங்குமா என்று நான் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

நாலாவது கோடு சிரிக்கக்கூடியது இல்லை. ஓடுபாதையின் ஒவ்வொரு முனையிலும் நீண்ட முக்கோணமாக ஒரு பொதுப் பாதுகாப்பு வலயம் இருக்கும். அதற்குள் இருக்கிற ஒருவர் விமானம் விழுந்து சாகிற ஆபத்து வருடத்துக்கு ஒரு லட்சத்தில் ஒன்று என்று கணக்கிட்டுக் கீறின கோடு. அதற்குள் புதிதாக ஆட்கள் தங்குகிற, கூடுகிற கட்டடத்துக்கு விடமாட்டார்கள். பதினாயிரத்தில் ஒன்று என்கிற உள்வட்டத்தில் ஆட்கள் குடியிருக்கவே கூடாது. "ஒரு லட்சத்தில் ஒண்டுக்கு என்ரை கட்டடத்தை மறிக்கிறியளோ?" என்று ஒரு முதலாளி என்னோடு சண்டை பிடித்தார். 2008 ஜனவரி 17ஆம் திகதி பீஜிங்கில் இருந்து வந்த 777 விமானம் ஒன்று எரிபொருள் குழாயில் பனிக்கட்டி அடைத்து இயந்திரம் இழுக்காமல், தெற்கு ஓடுபாதைக்கு முன்னால் புல்லில் விழுந்தது. ஹட்டன் பக்கத்து வேலியைத் தாண்டி உள்ளே வந்துதான் விழுந்தது. 152 பேர் இருந்தார்கள், ஒருவரும் சாகவில்லை. கொஞ்சம் முன்னால் விழுந்திருந்தால் வீதி, அதற்கு முன்னால் வீடுகள். அடுத்த கிழமை கந்தோரில் அந்த முக்கோணத்தைப் பற்றி யாரும் பகிடி விடவில்லை.

பலாலிக்குப் பக்கத்திலும் கோடு கீறினார்கள். அங்கே கோடு சனத்தைக் காப்பாற்றக் கீறினது இல்லை, சனத்திடம் இருந்து காப்பாற்றக் கீறினது. ஒரே மாதிரியான பேனைதான். கீறுகிறவன் யாரை ஆபத்து என்று நினைக்கிறான் என்பதில்தான் வித்தியாசம்.

கொட்டில்

இங்கே எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவரவில்லை. சத்தக் கோட்டுக்குள் இருக்கிறவர்கள் யார் என்று பாருங்கள். வாடகை குறைந்த இடம், விமானநிலைய வேலைக்குக் கிட்ட. பஞ்சாபிகள், சோமாலியர்கள், நாங்கள். வீட்டுக்கு அனுமதி மறுத்தால் சனம் வராமல் விடாது. பின்வளவுக் கொட்டிலுக்குள் வரும். பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தை யாரும் தூக்கிக்கொண்டு போகவும் ஏலாது. ஹவுன்ஸ்லோ ஹீத் சிறுவர் பள்ளியில் 2013இல் மண் மூட்டைகளை வட்டமாக அடுக்கிக் குடில்கள் கட்டினார்கள். விமானம் தலைக்கு மேல் போகும்போது பிள்ளைகள் வெளியில் இருந்து பாடம் கேட்பதற்கு. படத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கட பங்கர்தான் நினைவுக்கு வந்தது.

கொட்டில் என்றேன். 2007 மாரியில் ஒருநாள் சட்டமீறல் பார்க்கிற அதிகாரியோடு என்னையும் அனுப்பினார்கள். (ஆளை அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில். பெரிய வீட்டில் இருந்து வயர் இழுத்து மின்சாரம். சுவரெல்லாம் பூஞ்சணம். கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும்.

"தம்பி தமிழோ?"

"ஓம் அண்ணை."

"ஊரில எவடம்?"

"வசாவிளான்."

"அட, பக்கத்து ஆள். நான் மயிலிட்டி. அப்ப உங்களையும் தொண்ணூறில எழுப்பினவங்கள் தானே?"

மயிலிட்டித் துறைமுகத்தில் சொந்தமாக வள்ளம் வைத்திருந்தவர். இங்கே விமானநிலையத்தில் இரவுத் துப்புரவு வேலை. அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்து "என்ன சொல்கிறார்?" என்றா. "நாங்கள் அயல் ஊர்" என்றேன்.

அறிவித்தல் போனது. கொட்டிலில் ஆட்கள் குடியிருப்பதை நிறுத்த வேண்டும் என்பது உத்தரவு. இந்த நாட்டுச் சட்டப்படி அப்படியான அறிவித்தலைக் காணிச் சொந்தக்காரனுக்கு மட்டுமல்ல, அங்கே குடியிருப்பவருக்கும் கொடுக்க வேண்டும். மேன்முறையீடு செய்யலாம் என்றும் அதில் எழுதியிருக்கும். சில நாள் கழித்துக் கடைத்தெருவில் என்னைக் கண்டு மறித்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, காணி விசயமா என்ரை பேருக்கு வந்த முதல் கடிதம் உதுதான். மயிலிட்டியால எழும்பேக்க ஆரும் ஒரு துண்டு தரேல்ல. இவங்கள் துண்டு தந்திட்டு எழுப்பிறாங்கள். முன்னேற்றம்தானே?"

அந்த அறிவித்தல் சரியானதுதான். நெருப்புப் பிடித்தால் அந்தக் கொட்டிலில் இருந்து அவர் வெளியில் வந்திருக்க மாட்டார். ஆனால் சட்டம் கேட்ட கேள்வி கொட்டிலில் குடியிருக்கலாமா என்பது. அவர் இனி எங்கே படுப்பார் என்பது வேறொரு கந்தோரின் கேள்வி. அவர் சவுத்தோலில் ஒரு அறைக்கு ஆறாவது ஆளாகப் போனார். பெயர் எழுதிக் கடிதம் அனுப்புவது நியாயத்தின் தொடக்கம் மட்டும்தான் என்று எனக்கு விளங்கியது அன்றைக்கு. தொடக்கமே இல்லாத இடத்தில் இருந்து வந்தவர்கள் நாங்கள் என்பதால் அதைச் சின்ன விசயம் என்று தள்ளவும் மனம் வரவில்லை.

ஹீத்ரோவும் ஒரு ஊர்தான்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய வரைபடங்களை ஸ்கான் பண்ணும்போது கவனித்தேன். இன்றைக்கு ஓடுபாதை இருக்கிற இடத்தில் ஒழுங்கைகள், பழத்தோட்டம், மரக்கறித் தோட்டம். ஹீத் ரோ என்று இரண்டு சொல்லாக எழுதியிருக்கும். அது ஒரு சின்னக் கிராமம். நல்ல வளமான மண். லண்டன் சந்தைக்கு மரக்கறி போன இடம்.

இந்தப் பகுதிக்கு வரைபடத்தோடு பழைய உறவு ஒன்றும் உண்டு. 1784இல் ஜெனரல் ரோய் என்பவர் ஹவுன்ஸ்லோ வெளியில் ஹீத்ரோப் பக்கம் இருந்து ஹாம்ப்டன் வரை ஐந்து மைலுக்குக் கொஞ்சம் கூடிய தூரத்துக்கு ஒரு அடிக்கோட்டை அளந்தார். பிரித்தானியாவின் நில அளவைப் படங்களுக்கு அந்தக் கோடுதான் அத்திவாரம். விமானமும் ஹீத்ரோவுக்கு முதலே இங்கே வந்துவிட்டது. 1919 ஆகஸ்ட் 25இல் லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையில் நாளாந்தப் பயணிகள் விமானம் தொடங்கியது ஹவுன்ஸ்லோ ஹீத்தில் இருந்துதான்.

சரி, அந்தக் கிராமம் எங்கே போனது? 1944இல் விமானப் படைக்குத் தளம் வேண்டும் என்று யுத்தகால அவசர அதிகாரத்தின் கீழ் காணிகளை எடுத்தார்கள். யுத்தம் என்றால் பகிரங்க விசாரணை தேவையில்லை. வீடுகளை இடித்தார்கள், தோட்டங்களுக்கு மேல் கொங்கிறீற் போட்டார்கள். அது முடிவதற்குள் யுத்தமே முடிந்தது. 1946இல் பயணிகள் விமானநிலையமாகத் திறந்தார்கள். அப்போது விமான அமைச்சில் இருந்த ஹரோல்ட் பல்போர் 1973இல் எழுதிய நினைவுக் குறிப்பில், தொடக்கத்தில் இருந்தே குடிசார் விமானநிலையத்துக்காகத்தான் எடுத்தோம், யுத்தத் தேவை என்று காட்டியது விசாரணையைத் தவிர்க்கத்தான் என்ற பொருளில் ஒப்புக்கொண்டார்.

இதை வாசித்த அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. வெள்ளைக்காரத் தோட்டக்காரனுக்கும் எங்கட அப்பாவுக்கும் நடந்தது ஒன்றுதான். யுத்தம் என்ற சொல்லைச் சொல்லி எடுத்த காணி, யுத்தம் முடிந்தும் திரும்பவில்லை. இங்கே அதற்குப் பிறகு சட்டத்தைக் கட்டினார்கள். 1947இல் திட்டமிடல் சட்டம் வந்தது, பிறகு விசாரணைகள் வந்தன, 525 நாள் வந்தது. அந்த 525 நாளும் கூடிப்போச்சு என்று 2008இல் பெரிய திட்டங்களுக்கு என்று வேறு சட்டம் கொண்டுவந்தார்கள்.

கேட்டு எடுத்தாலும் சனத்துக்கு நிம்மதி கிடைக்குமா என்றால் அதுவும் இல்லை. மூன்றாவது ஓடுபாதைக் கதையைப் பாருங்கள். 2009 ஜனவரியில் ஓம் என்றார்கள். 2010இல் வந்த புது அரசு இல்லை என்றது. 2018இல் நாடாளுமன்றம் 415க்கு 119 என்று ஓம் சொன்னது. 2020 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிழை என்றது, அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சரி என்றது. 2025 ஜனவரியில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் திரும்ப ஓம் என்றார். ஹார்மண்ட்ஸ்வேர்த், லோங்போர்ட், சிப்சன் பக்கத்தில் எழுநூறுக்கு மேற்பட்ட வீடுகள் இடிபடும் என்பது அந்தத் திட்டம். சந்தை விலைக்கு மேல் 25 சதவீதம் தருவோம் என்றார்கள். ஆனால் வருமோ வராதோ என்று பார்த்துக்கொண்டே ஒரு தலைமுறை கிழண்டுவிட்டது. கூரை ஒழுகினால் திருத்துவதா விடுவதா என்று தெரியாமல் இருக்கிறார்கள்.

அப்பா கேட்ட கடிதம்

2011இல் கவுன்சிலை விட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றுக்குப் போனேன். பெரிய திட்டம் ஒன்றுக்குக் காணி எடுப்பதென்றால், அந்தக் காணியில் உரிமை உள்ள ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து ஒரு புத்தகத்தில் பதிய வேண்டும். சொந்தக்காரர், வாடகைக்காரர், அடமானம் வைத்திருக்கிற வங்கி, அந்த ஒழுங்கையால் நடக்கிற உரிமை உள்ள பக்கத்து வீட்டுக்காரர், எல்லாரும். கவனமாகத் தேடினோம் என்று காட்ட வேண்டியது சட்டக் கடமை. கதவு கதவாகத் தட்டுகிற வேலை அது. ஆறு தரம் போயும் ஆள் இல்லை என்றால் ஆறு தரமும் போன திகதியை எழுத வேண்டும்.

அந்த வேலையில் இருக்கும்போதுதான் 2013 ஏப்ரல் வந்தது. வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியை இராணுவத்துக்காக எடுக்கப்போவதாக, 1950ஆம் ஆண்டுக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் ஒட்டினார்கள். ஹீத்ரோ முழுவதும், இரண்டு ஓடுபாதை, எல்லா முனையங்களும் சேர்த்து, ஏறத்தாழ 3,030 ஏக்கர். அப்படி இரண்டு ஹீத்ரோ போடலாம், அதற்கு மேலும் மிச்சம் இருக்கும். பரப்பில் சொன்னால் ஒரு லட்சத்துக்கு மேல். அதில் ஆறு எங்கட.

அப்பா கோண்டாவில் வாடகை வீட்டில் இருந்து போன் எடுத்தார்.

"தம்பி, நீ உங்கை ஆக்களுக்கு உதுதானே எழுதிக் குடுக்கிறாய்?"

"ஓமப்பா."

"எனக்கும் ஒண்டு எழுது."

ஒரு கிழமை இரவிரவாக எழுதினேன். வேலையில் எழுதுகிற ஒழுங்கிலேயே எழுதினேன். காணி இருக்கும் இடம், உறுதி இலக்கம், எல்லை, பயன்பாடு, இழப்பு. ஒவ்வொரு தலைப்புக்கும் அப்பாவைப் போனில் கேட்டேன். வடக்கெல்லை யார், தெற்கெல்லை யார், கிணற்றுக்கு எத்தனை பாகம், எத்தனை பனை. இருபத்துமூன்று வருடம் காணாத காணியை அவர் கண்ணை மூடிக்கொண்டு நடந்து காட்டினார். "நில்லு, அந்த மூலையில ஒரு முருங்கை நிண்டது, அதை விட்டிட்டாய்" என்றார். முருங்கையையும் எழுதினேன். யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணி அதைச் சத்தியக் கடதாசியாக்கினார். அந்த வருடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணிக்காரர் கொழும்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் எங்கட அப்பா.

2015க்குப் பிறகு காணிகள் துண்டு துண்டாக விடுபட்டன. 2017 ஜூலை 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டது. அந்தக் கொட்டில் அண்ணை அடுத்த வருடம் ஊருக்குப் போய் இறங்குதுறையில் நின்று படம் எடுத்து அனுப்பினார். 2019 அக்டோபரில் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையம் என்று திறபட்டது. விமானம் வருவது நல்லதுதான், எனக்கு விமானத்தோடு கோபம் இல்லை. 2025 ஏப்ரலில் வசாவிளான் சந்தியில் இருந்து பலாலிக்குப் போகிற வீதியும் நிபந்தனைகளோடு திறந்தார்கள். வாகனத்தை வழியில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. எங்கட ஆறு பரப்பு இன்னும் வேலிக்கு உள்ளேதான். அப்பா 2016இல் வாடகை வீட்டிலேயே போய்விட்டார்.

இங்கே பிறந்த பெடியள் என்ன படிக்கலாம் என்று கேட்டால் இந்த வேலையையும் ஒருக்கால் யோசியுங்கோ என்று சொல்வேன். டொக்டர், எஞ்சினியர் அளவுக்குக் கல்யாணச் சந்தையில் விலை போகாது. ஆனால் காணியை எடுக்கிறவன் எந்தப் பாஷையில் எடுக்கிறான் என்று இதில்தான் விளங்கும். எடுக்க விடாமல் மறிப்பதும் அதே பாஷையில்தான்.

படிக்காவிட்டாலும் ஒன்று செய்யுங்கள். வீட்டில் அப்பாவோ அப்பம்மாவோ இருந்தால் இந்தக் கிழமையே ஒரு கொப்பியோடு பக்கத்தில் போய் இருங்கள். உறுதியைப் படம் எடுத்து வையுங்கள். நாலு எல்லைக்காரரின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். கிணறு எந்த மூலையில், ஒழுங்கை எந்தப் பக்கம், என்ன மரம் நின்றது என்று கேளுங்கள். கேட்டால் சொல்லுவார்கள், நல்லாச் சொல்லுவார்கள். எங்கட அப்பாவின் கோப்பு பதினாலு பக்கம். இந்தக் காணிக்கு ஆள் இல்லை என்று நாளைக்கு ஒரு அதிகாரி எழுதப் பேனை எடுத்தால், அவருக்கு முன்னால் வைக்க என்னிடம் பதினாலு பக்கம் இருக்கிறது. உங்களிடம் எத்தனை பக்கம்?